கோணேசபுரிக்கு வந்து சேராத செய்தி

கடந்த ஆண்டின் நடுப்பகுதியில் மாணவி ஒருவர் எமது பணிமனைக்கு வந்தார். கையில் நான்காய் மடித்த ஒரு தாள். இளம் ஆக்குநர்களிடமிருந்து முன்மொழிவுகளைக் கோரிக் கொழும்பிலிருந்து வெளியான அறிவித்தல் அது. முழுவதும் ஆங்கிலம். தெரிவாகும் முன்மொழிவுக்கு நிதியும் வழிகாட்டலும் உண்டென்று எழுதியிருந்தது. அவர் படிக்கும் கல்விக்கூடத்தின் அறிவித்தற் பலகையில் அத்தாள் ஒட்டப்பட்ட நாளையும் விண்ணப்பம் முடிவடைந்த நாளையும் ஓரத்தில் பென்சிலாற் குறித்து வைத்திருந்தார். முடிவு நாள் கடந்து பதினொரு நாள்களுக்குப் பின்னரே தாள் பலகைக்கு வந்திருக்கிறது. அவர் எவரையும் குறைகூற வரவில்லை. "அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்று பத்திரிகைக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்க வந்தேன், ஐயா" என்றார். எமக்கும் தெரிந்திருக்கவில்லை. விடை சொல்ல முடியாது நின்ற அந்த வேளையின் வெட்கமே இத்தலையங்கத்தை எழுதுவிக்கிறது.

அவர் செய்ய முற்பட்டது பெரிய பொறியன்று. கரையோரச் சிற்றூர் ஒன்றில் அவருடைய தாயார் கருவாடு போடுகிறவர். மணலில் விரித்த பாயில் நெத்தலியும் சூடையும் வெயில் காயும். காகம், நாய், ஈ, காற்றோடு வரும் மணல் என்று நான்கு பகைகளும் சூழ்ந்திருக்கும். ஒரு மழை பெய்தால் இரண்டு நாள் உழைப்பு நாற்றமெடுக்கும். மகள் பயிலும் விஞ்ஞானம் தாயின் பாய்க்குப் பயன்பட வேண்டுமென்ற எண்ணத்தில் மரச்சட்டத்தின் மேல் தெளிந்த பொலித்தீனைக் கூடாரம்போல் இழுத்துக் கட்டி, அடியிற் கருந்தகடு பரப்பி, கீழே காற்று நுழையவும் மேலே ஈரக்காற்று வெளியேறவும் வாயில்கள் வைத்து ஓர் உலர்த்தியை அமைத்திருந்தார். மீனின் எடையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நீர். அந்நீரை விரைவாகப் போக்க வேண்டும். மிக விரைவாகவும் போக்கக் கூடாது. தொடக்கத்திலேயே சூடு 50 பாகைக்கு மேல் ஏறினால் மீனின் மேற்புறம் வெந்து இறுகிவிடும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே கெடும். ஆகவே, சூடு ஏறுகையில் மேல்வாயில் தானாக அகலவேண்டும். அதற்கு ஒரு சிறு உணரியும் ஒரு சிறு மோட்டாரும் போதும் என்று கணக்கிட்டிருந்தார். குறையாய் நின்றது அந்த மோட்டாருக்கும், பத்துத் தட்டுகளுக்கும், ஓர் ஆய்வுகூடப் பரிசோதனைக்கும் வேண்டிய பணம். அறிவித்தலில் இருந்த தொகை அதைப் போலப் பல மடங்கு.

கடல் சூழ்ந்த இந்நாடு, தாய்லாந்து முதலிய தேசங்களிலிருந்து நெத்தலிக் கருவாட்டைக் கப்பலில் வருவித்து உண்கிறது. அந்த உண்மையை அருகில் வைத்துப் பார்க்கும்போது அம்மாணவியின் மரச்சட்டம் ஒரு வீட்டுக்குரிய காரியமாக நின்றுவிடவில்லை.

எமது மாவட்டத்து இளைஞரிடம் அறிவு குறைவென்று எவரும் இப்போது சொல்வதில்லை. பணம் இல்லை என்று சொல்வதுண்டு. அதில் உண்மை உண்டு; ஆயினும் முழு உண்மை அதுவன்று. நாட்டில் ஆண்டுதோறும் ஏதோ ஒரு நிதியம் திறக்கிறது, ஏதோ ஒரு போட்டி நடக்கிறது, ஏதோ ஒரு பயிற்சிக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. அவை திறந்த செய்தி உரிய காலத்தில், உரிய மொழியில், உரியவர் கைக்கு வந்து சேர்வதில்லை. திருகோணமலையின் இளம் தொழில்முயற்சியாளருக்கு இன்று முதலில் வேண்டிய மூலதனம் செய்தியே என்பது எமது துணிபு.

நிலாவெளியை அடுத்த கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. 1993 இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக அதன் வித்து ஊன்றப்பட்டது. 2001 இல் வளாகமாக உயர்ந்தது. தொடர்பாடலும் வணிகமும் ஒருபுறம், கணினியும் பௌதிகமும் இலத்திரனியலும் ஒருபுறம், சித்த மருத்துவம் ஒருபுறம் என்று அங்கே கற்பிக்கப்படும் துறைகளை ஒன்றாக நோக்குக. பொருளை ஆக்கத் தெரிந்தவரும், அதன் கணக்கை எழுதத் தெரிந்தவரும், அதை மக்களுக்கு எடுத்துரைக்கத் தெரிந்தவரும் ஒரே வேலிக்குள் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் எவரும் பெரும்பான்மையராய் நில்லாது கலந்து வாழும், ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் கொண்ட மாவட்டம் இது. அம்மூவரின் பிள்ளைகளும் அவ்வகுப்பறைகளில் அருகருகே இருக்கின்றனர். மூன்று சந்தைகளின் சுவையும் தேவையும் அறிந்த ஒரு குழுவை இவ்வளவு எளிதாகக் கூட்டக்கூடிய இடங்கள் இந்நாட்டில் அதிகமில்லை.

புத்தாக்கத்தை வளர்க்க அரசு எதுவுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பழியாகும். கைத்தொழில் அபிவிருத்திச் சபை 1969 இலிருந்து உண்டு. கண்டுபிடிப்பாளரை ஊக்குவிக்க 1979 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டம் ஓர் ஆணைக்குழுவைத் தந்தது. புலமைச் சொத்துச் சட்டம் 2003 இலும், தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபைக்கான சட்டம் 2006 இலும், தேசிய புத்தாக்க முகவரகத்திற்கான சட்டம் 2019 இலும் நிறைவேறின. தேசிய விஞ்ஞான மன்றம் தொழில்நுட்ப நல்கைகளை வழங்குகிறது. உயர்கல்வியின் விரிவையும் வளர்ச்சியையும் விரைவுபடுத்தவென உலக வங்கி 2017 இல் 10 கோடி டொலர் செயற்றிட்டமொன்றை ஏற்றது. பல்கலைக்கழகங்களில் வணிக உலகோடு தொடர்பு பேணும் பிரிவுகள் அதன் துணையோடு வலுப்பெற்றன. பெயர்ப்பலகைகள் இத்தனை இருந்தும், ஆராய்ச்சிக்கும் விருத்திக்கும் இந்நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. தென்கொரியா நூற்றில் ஐந்து பங்கு செலவிடுகிறது. இருப்பதே சிறிய குளம். அதன் மதகு கொழும்பில். வாய்க்கால் கடைமடையை அடையுமுன் நீர் வற்றிவிடுகிறது. கந்தளாய்க் குளத்து நீரில் வயல் செய்வோருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

"இக்காலத்தில் எல்லாமே கைப்பேசியில் வந்துவிடுகிறதே, இதற்கு ஏன் தலையங்கம்?" என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. அறிவித்தல்கள் கைப்பேசியில் மிதந்து வருவது மெய். ஆனால் மிதந்து வருவது அனைத்தும் செய்தியாகாது. கரைவலை இழுக்கும் ஊரிற் பிறந்தவர்கள் இதை அறிவார்கள். விடியற்காலையில் கடல் எல்லோருடைய கண்ணுக்கும் ஒன்றுபோலவே தெரியும். கரையில் நிற்கும் மூத்தவர் ஒருவர் மட்டும் நீரின் நிறம் ஓரிடத்திற் கறுத்திருப்பதைக் காண்பார். பறவை தாழ்வதைக் காண்பார். தோளில் இருந்த துண்டை எடுத்து வீசுவார். அந்தத் துண்டு எப்பக்கம் அசைகிறதோ அப்பக்கம் தோணி திரும்பும். வலையும் தோணியும் நாற்பது கைகளும் ஆயத்தமாய் இருந்தாலும் துண்டை வீசுகிறவர் இல்லையெனின் அன்றைய பாடு வெறும்பாடு. கோணேசபுரியில் வலை உண்டு, கைகள் உண்டு. துண்டை வீசுகிறவர் இல்லை.

எது எமக்குப் பொருந்தும், எந்த மாதத்தில் எந்த நிறுவனம் விண்ணப்பம் கோரும், பத்துப் பக்கப் படிவத்தில் எந்த இரண்டு பக்கம் தீர்ப்பை நிர்ணயிக்கும், கடந்த முறை தோற்றவர் எதனால் தோற்றார் என்பவை எந்தத் திரையிலும் கிடைப்பதில்லை. அவை மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகும் அறிவு. கொழும்பு, மொறட்டுவை வட்டாரத்து மாணவருக்கு அது காற்றோடு கிடைக்கிறது: மூத்த மாணவர் ஒருவர் வென்றிருப்பார், விரிவுரையாளர் தெரிவுக்குழுவில் இருந்திருப்பார், நிதியத்தின் அலுவலகம் பேருந்தில் அரைமணித் தொலைவில் இருக்கும். எமது மாணவர் ஒரு கேள்வி கேட்க இரவுப் பேருந்தில் ஏறி, விடியலிற் கொழும்பில் இறங்கி, மறுநாள் இரவு திரும்ப வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு இரண்டு நாளும் ஒரு தொகைப் பணமும் செலவு.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. பொது நிதியில் இயங்கும் ஒரு திட்டத்தின் அழைப்பு தமிழில் வெளிவராதிருப்பது சட்டத்தின் எழுத்துக்கே மாறானது. ஆங்கிலம் கற்பதை நாம் தடுப்பவரல்லர். உலகச் சந்தைக்குப் போகிறவர் அதைக் கற்றே ஆகவேண்டும். ஆனால் கருவாட்டு உலர்த்தியைப் பற்றிய நல்ல யோசனை ஆங்கிலம் தெரிந்த வீட்டிலிருந்து மட்டுமே வரவேண்டும் என்பது எந்த நியதி? மீன் காயவைக்கும் பெண்ணே அவ்வேலையின் குறைகளை முழுதும் அறிந்தவள். அவளுடைய மொழியில் அழைப்புப் போகாதவரை அவள் அறிந்தவை அவளோடே கிடக்கும்.

புல்மோட்டை மணலை எண்ணிப் பாருங்கள். நகரிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கறுத்து மினுங்கும் அக்கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் முதலிய கனியங்கள் உலகின் பல இடங்களிற் காணாத செறிவோடு கலந்துள்ளன. 1957 இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைந்தது. அன்றிலிருந்து இன்றுவரை மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன. மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. இல்மனைட்டிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு எமது வீட்டுச் சுவரின் வெள்ளைப் பூச்சிலும், பற்பசையிலும், மாத்திரையின் உறையிலும், கடதாசியின் வெண்மையிலும் இருக்கிறது. புல்மோட்டையிலிருந்து மலிவாய்ப் போன கறுப்பு, பன்மடங்கு விலையில் வெள்ளையாகத் திரும்பி வருகிறது. இதை மாற்றப் பேராலை வேண்டும், பெருமூலதனம் வேண்டும், அமிலக் கழிவை அடக்கும் திறன் வேண்டும் என்பது உண்மையே. ஒரு மாணவக் குழு செய்துவிடும் காரியம் அது என்று நாம் மயங்கவில்லை. ஆனால் மணலைத் தரம்பிரிக்கும் ஒரு சிறு முறை, அதன் தூய்மையை விரைந்து அளக்கும் ஒரு கருவி, சிற்றளவில் ஒரு வண்ணப்பூச்சு என்ற படிகளில் ஏறக்கூடிய இளைஞர் அதே கடற்கரையில் ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் இருக்கின்றனர். "எமது மணலில் இன்ன சிக்கல் தீராதிருக்கிறது, தீர்ப்போர் வருக" என்று ஓர் அழைப்பு புல்மோட்டையிலிருந்து கோணேசபுரிக்கு வந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

செய்தி இருவழிப் பாதை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். நல்கை பற்றிய அறிவித்தலை மட்டுமே வாய்ப்பென்று எண்ணுவது பிழை. ஒரு தொழிலின் தீராத சிக்கல் அதைவிடப் பெரிய வாய்ப்பு. துறைமுகத்தைச் சூழப் பாருங்கள். 1980 இலிருந்து இயங்கும் பிறிமா மா ஆலை, ஏ. வை. எஸ். ஞானம் அவர்கள் 1982 இல் நிறுவிய டோக்கியோ சீமெந்தின் ஆலை, சீனக்குடாவின் காட்டுக்குள் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகள். அத்தாங்கிகளைப் பற்றி 1987 இல் இந்திய, இலங்கைத் தலைவர்கள் கடிதம் மாற்றிக்கொண்டனர். 2003 இல் ஒரு பகுதி கைமாறியது. 2022 தையில் 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கும் என்று பங்கிடப்பட்டன. 2025 ஏப்பிரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் திருகோணமலையை வலுசக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் ஒப்பமிட்டன. அதே நாள்களில் சம்பூரில், ஒருகாலத்தில் நிலக்கரி மின்னிலையம் வரவிருந்து கைவிடப்பட்ட மண்ணில், 120 மெகாவாற்று சூரிய மின்திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது.

இவை யாவும் தலைநகரங்களில் எழுதப்படும் செய்திகள். அச்செய்திகளில் சம்பூர்ப் பிள்ளைக்கும் கிண்ணியாப் பிள்ளைக்கும் என்ன இடம்? உப்புக்காற்றில் இரும்பு உக்குகிறது. நூறாண்டை நெருங்கும் தாங்கிச் சுவரின் தடிப்பை உடைக்காமல் அளக்க ஒரு வழி வேண்டும். சூரியத் தகட்டின்மேல் கடலுப்பும் புழுதியும் படிந்தால் மின்னுற்பத்தி குறையும். குறைந்த நீரில் அதைக் கழுவ ஒரு பொறி வேண்டும். இலத்திரனியல் பயின்ற நால்வர் ஒரு பட்டறையில் இருந்தால் இவை தொடக்கூடிய காரியங்கள். ஒப்பந்தக்காரர் இவற்றைத் தொலைவிலிருந்து வருவிப்பதற்கு முன் ஒருமுறை உள்ளூரிற் கேட்டுப் பார்த்தால், அந்த ஒரு கேள்வி ஒரு நிறுவனத்தைப் பிறப்பிக்கும்.

சித்த மருத்துவத்தின் நிலை வேறு. அங்கே செய்தி வராதது ஒரு குறை. காவாத செய்தி வெளியே போவது இன்னொரு குறை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது எமது பாட்டிமார் அறிந்தது. அதற்கு 1995 இல் ஐக்கிய அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழஞ்சுவடிகளைச் சான்றாய் வைத்து வழக்காடி 1997 இல் அதை நீக்குவித்தது. அந்தப் பாடத்தின் பின்னரே இந்தியா தன் மரபறிவைத் தொகுத்துக் கணினியில் ஏற்றியது. சித்த மருத்துவமும் அத்தொகுப்பில் உண்டு. வளாகத்தில் சித்தம் பயிலும் மாணவர் ஒரு தைலத்தின் பக்குவத்தை மேம்படுத்தினால், கருத்தரங்கில் வாசித்துக் கைதட்டல் பெறுவதற்கு முன்னர் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு: வெளிப்படுத்திய ஒன்றுக்கு இலங்கைச் சட்டம் ஓராண்டு அவகாசம் தரும், ஐரோப்பா தராது. வாசித்த மறுகணம் அங்கே உரிமை போயிற்று. இந்த ஒரு வரியைச் சொல்ல ஆளில்லாமல் இழக்கப்படுவது ஒருவருடைய பல்லாண்டு உழைப்பாக இருக்கக்கூடும்.

திறமை இம்மண்ணை விட்டுப் போய் வேறிடத்தில் அச்சேறுவது புதிதன்று. தமிழின் முதல் வரலாற்றுப் புதினமென்று அறிஞர் பலர் கொள்ளும் மோகனாங்கியை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையிற் பிறந்தவர். அந்நூல் 1895 இல் சென்னையில் வெளிவந்தது. அங்கே சுவடிகள் இருந்தன, அச்சகம் இருந்தது, வாசகர் இருந்தனர், எந்த நூல் எப்போது வெளிவருகிறது என்று அறிந்த நண்பர் இருந்தனர். அவர் போனதில் தவறில்லை. தமிழ் பெற்றது பெரும்பேறு. ஆனால் 130 ஆண்டுகள் கழிந்தும் எமது பிள்ளைகள் அதே காரணங்களுக்காகப் புறப்படுகிறார்கள் என்பது ஊருக்குப் பெருமை தருவதன்று.

பெற்றோரின் மனத்தையும் நாம் அறியாமல் எழுதவில்லை. பட்டம் பெற்ற பிள்ளை அரச உத்தியோகத்தில் அமர்வதையே அவர்கள் வேண்டுகின்றனர். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் கிழக்கின் நகரங்களில், எமது நகரிலும், மாதக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020 இல் அரசு பல்லாயிரம் பட்டதாரிகளை ஒருங்கே சேர்த்தது. இரண்டாண்டு கழியுமுன் திறைசேரி வெறுமையாகி, 2022 ஏப்பிரலில் நாடு தன் வெளிக்கடனைச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. அவ்வாண்டு புரட்டாதியில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கியது. அரச உத்தியோகம் என்ற கரை அந்த அலையில் எவ்வளவு அரிபட்டது என்பதைச் சம்பளம் எடுப்போரே அறிவர். ஆயினும் பெற்றோரின் அச்சத்துக்கு வேறோர் ஆழமும் உண்டு. 2006 ஆம் ஆண்டு தை 2 ஆம் நாள் மாலை, எமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. பிள்ளை பத்திரமாய் ஓரிடத்தில் இருந்தாற் போதும் என்ற ஏக்கம் இந்நகரத்துத் தாய்மாருக்கு எங்கிருந்து வந்ததென்று வெளியூரார் கேட்க வேண்டாம். அந்த ஏக்கத்தைக் கொண்டவர்களிடம் போய், "துணிந்து தொழில் தொடங்கச் சொல்லுங்கள்" என்று மேடைப்பேச்சுப் பேசுவது இரக்கமற்ற செயல். துணிவைக் கேட்பவர் முதலில் நிலத்தைக் காட்ட வேண்டும்: எங்கே மிதிக்கலாம், எங்கே புதைகுழி, விழுந்தால் தூக்க யார் என்று.

அப்படி நிலம் காட்டிய இடங்கள் உண்டு. சென்னையில் ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா 2010 இல் திறந்தது. பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலா அதன் பின்னின்றவர். அங்கே இடமெடுக்கும் நிறுவனம் வாடகை கட்டினாற் போதாது. ஆசிரியரோடும் மாணவரோடும் சேர்ந்து வேலைசெய்து புள்ளி ஈட்டவும் வேண்டும். அச்சூழலில் வளர்ந்த அக்னிகுல் என்ற நிறுவனம் 2024 மே 30 ஆம் நாள் சிறீஹரிகோட்டாவிலிருந்து தன் உந்துகணையைச் சோதனையாக ஏவியது. அதன் எஞ்சின் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாய் வார்த்தெடுக்கப்பட்டது. அதன் நிறுவனருக்குத் துணைநின்ற சத்தியநாராயணன் சக்கரவர்த்தி அங்கேயே பேராசிரியர். அந்தப் பணமும் அந்தப் பரப்பும் எமக்கு வாராது. அதை ஒப்பிடுவது வீண். எடுத்துக்கொள்ளத் தக்கது அந்த வாடகை விதி ஒன்றே: தொழிற்காரரும் மாணவரும் பேசிக்கொள்வதை அங்கே தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. தமிழ்நாட்டு அரசின் புத்தொழில் இயக்கம் சென்னையோடு நில்லாது மதுரை, திருநெல்வேலி, ஈரோடு ஆகிய நகரங்களிலும் வட்டார மையங்களைத் திறந்தது. நெல்லைப் பிள்ளை சென்னைக்கு இரவுப் பேருந்து ஏற வேண்டியதில்லை.

அவ்வளவு தொலைவும் போக வேண்டாம். யாழ்ப்பாணத்தில் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் தன்னார்வலர்கள் கூடி யாழ் ஐ.ரி. ஹப் என்ற அமைப்பைத் தொடங்கினர். புலம்பெயர்ந்த பொறியியலாளரும் உள்ளூர் ஆசிரியரும் கைகோத்து ஆண்டுதோறும் யாழ் கீக் சலஞ்ச் போட்டியை நடத்துகின்றனர். அரச சட்டமோ உலக வங்கியோ அதை ஆக்கவில்லை. முன்னே போனவர்கள் பின்னே வருவோருக்குச் சேதி சொல்லத் தீர்மானித்தார்கள். மற்றவை அதன்பின் வந்தன. திருகோணமலையிற் பிறந்து தொறொன்றோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருப்போர் எத்தனை பேர்! கோணேசர் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தவறாமல் பணம் அனுப்பும் அந்தக் கைகளை நாம் வணங்குகிறோம். அவர்களில் ஒருவர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒரு மாணவக் குழுவுக்குத் தந்தால் அதன் பெறுமதியைப் பணத்தால் அளக்க இயலாது.

எமது வேண்டுகோள் சிறியது. ஆகவேதான் அதை மறுக்க எவருக்கும் காரணம் இராது என்று நம்புகிறோம். கோணேசபுரி வளாகம் ஒருவரை நியமிக்கட்டும். பணியின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கவேண்டாம். நாட்டில் எங்கே எந்த நிதி, எந்தப் போட்டி, எந்தப் பயிற்சி, எந்தக் கொள்வனவு திறக்கிறதென்று தேடி, இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பக்கம் அவர் எழுத வேண்டும். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில். யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன பத்திரம் வேண்டும், முடிவு நாள் எது, ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்ற நான்குக்கும் அப்பக்கத்தில் விடை இருக்க வேண்டும். முடிவு நாளுக்கு முப்பது நாள் முன்னதாக அது வெளிவராவிட்டால் ஏன் வரவில்லையென்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அந்தப் பக்கம் வளாகத்தின் பலகையோடு நின்றுவிடக் கூடாது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, வெருகல் பிரதேச செயலகங்களிலும், நூலகங்களிலும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஒட்டப்பட வேண்டும். பட்டம் படிக்காத தாய்க்கும் பட்டம் படிக்கும் மகளுக்கும் ஒரே நாளில் அது தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் கட்டணமின்றி அச்சிட எமது பத்திரிகை இங்கே வாக்களிக்கிறது.

துறைமுகத்தைச் சூழ்ந்த ஆலைகளும் எண்ணெய் நிறுவனங்களும் மின்திட்டத்தாரும் அதே பக்கத்தின் மறுபுறத்தில் தமது சிக்கல்களை எழுதட்டும். ஆண்டுக்கு இரண்டு எழுதினாலும் போதும்.

பல்கலைக்கழகத்தைச் சந்தையாக்கக் கூடாது என்று ஆசிரியர் சிலர் அஞ்சுவதை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வச்சத்தை மதிக்கிறோம். உடனே காசாகாத அறிவுக்கும் அங்கே இடம் வேண்டும். பழந்தமிழ்ச் சுவடியை ஆராய்கிறவரிடம் உமது வருமானம் என்ன என்று கேட்கும் நாள் வரக் கூடாது. ஆயினும் செய்தியைத் திறந்து வைப்பதால் எவரும் வணிகராகி விடமாட்டார். விரும்புகிறவர் போகட்டும், விரும்பாதவர் நூலகத்தில் இருக்கட்டும். இன்று நடப்பதோ, விரும்புகிறவரும் போக முடியாத நிலை. அந்நிலை அறிவின் தூய்மையைக் காப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

பணிமனைக்கு வந்த மாணவி இவ்வாண்டு இறுதியாண்டில் இருக்கிறார். அண்மையில் அவருடைய ஊருக்குப் போனோம். மோட்டாருக்குப் பணம் கிட்டாததால் மேல்வாயிலைக் கயிற்றில் கட்டியிருக்கிறார். நண்பகலில் சூடு ஏறும் வேளை பார்த்துத் தாயார் அடுக்களையிலிருந்து வந்து கயிற்றை இழுத்து வாயிலை அகலத் திறக்கிறார், வெயில் தாழ்ந்ததும் தளர்த்துகிறார். தட்டுகள் பத்து வேண்டிய இடத்தில் மூன்று. அந்த மூன்றில் காய்ந்த நெத்தலியைக் கையில் எடுத்துப் பார்த்தோம். மணல் இல்லை, ஈ மொய்த்த தடம் இல்லை, முறித்தபோது உள்ளேயும் ஈரம் இல்லை. பொலித்தீன் ஓரிடத்திற் கிழிந்து சாக்குத் துண்டால் தைக்கப்பட்டிருந்தது. ஐப்பசியில் மாரி பிடித்துவிட்டால் தை வரை அக்கூடாரம் மழைக்கு நில்லாது என்றார் தாயார். அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்று மகள் இம்முறை எம்மிடம் கேட்கவில்லை.